வெறும் தகட்டிலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார்: குறையைக் கண்டு காரணத்தைத் தேடும் வழிமுறை

சில்வர் கோஸ்ட் என்னும் சொகுசுக் காரின் சட்டகத்தின் மீது கவசத் தகடுகளைப் பொருத்தி உருவாக்கப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார், 1914 டிசம்பரில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவுக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினை மூடிய நீண்ட முகப்பு, இரும்புக் கதவுகள் காக்கும் ரேடியேட்டர், நடுவில் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய உருளை வடிவச் சுழல்கூண்டு, பின்னால் திறந்த மரத்தளம், கம்பி ஆரக்கால் கொண்ட சக்கரங்கள் என்று, கிட் (கடையில் கிடைக்கும் ஆயத்தப் பாகங்களின் தொகுப்பு) எதுவும் இல்லாமல் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து ஒரு மாதிரியைக் கட்ட விரும்புகிறவர் கற்க வேண்டிய வேலைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே வண்டியில் இருக்கின்றன. அதனால்தான் இதில் வரும் குறைகளும் பலவகையாக இருக்கின்றன.

கீழே உள்ளவை, கண்ணுக்குப் படும் குறையிலிருந்து தொடங்கி அதன் காரணத்துக்குச் செல்லும் வரிசையில் அமைந்தவை. இவ்வகை வேலையில் குறை தெரியும் இடமும் அது பிறந்த இடமும் பெரும்பாலும் வேறாக இருக்கும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகு தெரியும் கோணல், மூன்று வாரத்துக்கு முன் தகட்டை வெட்டியபோது உண்டானதாக இருக்கலாம். தெரிந்த இடத்திலேயே புட்டி வைத்து மூடினால் அதே கோணல் அடுத்த பாகத்துக்கு நகர்ந்துபோகும். ஆகவே ஒவ்வொரு குறைக்கும் எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையே முதலில் சொல்லியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் 1:35 என்னும் விகிதத்துக்கு உரியவை.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஆனால் முழு வண்டி பார்வைக்குச் சரியாக இல்லை

இந்தக் குறைக்கு வரைபடத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். உண்மை வண்டியின் நீளம் 4.93 மீட்டர், அகலம் 1.93 மீட்டர், உயரம் 2.54 மீட்டர். 35-ஆல் வகுத்தால் முறையே 140.9, 55.1, 72.6 மில்லிமீட்டர் வர வேண்டும். வெர்னியர் அளவுகோலை எடுத்து, கட்டிய உடலை அல்ல, முதலில் அச்சிட்ட வரைபடத்தை அளந்து பாருங்கள். அச்சுப்பொறிகள் தாளின் ஓரத்துக்கு இடம் விட வேண்டி, நம்மைக் கேட்காமலே படத்தை 97 விழுக்காட்டுக்குச் சுருக்கிவிடுவது உண்டு. அப்படிச் சுருங்கினால் வண்டி நீளத்தில் மட்டும் 4 மில்லிமீட்டருக்கு மேல் குறையும். தகடுகள் எல்லாம் ஒரே வரைபடத்திலிருந்து வந்தவை என்பதால் அவை தமக்குள் ஒழுங்காகப் பொருந்தும். சரியான அளவில் தனியாகச் செய்த சக்கரமோ துப்பாக்கியோ வந்து சேரும்போதுதான், அவை பெரிதாகத் தெரியத் தொடங்கும். படத்தை அச்சிடும் முன் அதன் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்றைக் கிடையாகவும் இன்னொன்றைச் செங்குத்தாகவும் வரைந்துவிட்டு, அச்சிட்ட பின் இரண்டையும் அளப்பது என் வழக்கம். சில அச்சுப்பொறிகளில் இரண்டு திசைகளுக்கும் ஒரே சுருக்கம் இருப்பதில்லை.

வேறு விகிதத்தில் உள்ள படத்தைப் பெருக்கும்போதும் இப்பிழை வரும். 1:48 படத்தை 137.1 விழுக்காட்டுக்கும், 1:76 படத்தை 217.1 விழுக்காட்டுக்கும் பெருக்க வேண்டும். பெருக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து பெருகுகிறது என்பதை மறக்கக் கூடாது. 0.3 மில்லிமீட்டர் கோடு 0.65 ஆகிவிட்டால், கோட்டின் வெளி விளிம்பில் வெட்டிய தகடும் உள் விளிம்பில் வெட்டிய தகடும் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடும். எப்போதும் கோட்டின் நடுவிலேயே வெட்டுவது என்று முடிவு செய்துகொண்டு, கடைசித் தகடு வரை அதிலிருந்து மாறாமல் இருங்கள்.

அளவு சரியாக இருந்தும் வண்டி உறுத்துகிறதென்றால், வெவ்வேறு ஆண்டுகளின் வடிவங்கள் கலந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். இந்த வண்டியில் இது மிகவும் எளிதாக நேரும் பிழை. 1914 வடிவத்துக்குக் கம்பி ஆரக்கால் சக்கரம். 1920 வடிவத்துக்குத் தட்டுச் சக்கரமும் ரேடியேட்டருக்குத் தடித்த கவசமும். 1924 வடிவத்தில் சுழல்கூண்டின் மேல் தளபதிக்கென ஒரு சிறு கூண்டு. 1940-இல் மேற்குப் பாலைவனத்தில் 11-ஆம் ஹுஸார் படைப்பிரிவு ஓட்டிய வண்டிகளில் பழைய சுழல்கூண்டையே எடுத்துவிட்டு, பாய்ஸ் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும் பிரென் துப்பாக்கியும் கொண்ட திறந்த கூண்டைப் பொருத்தியிருந்தார்கள். இந்தியாவுக்கெனச் செய்யப்பட்ட வடிவத்துக்கோ கவிகை போன்ற கூண்டு. இன்று நாம் நேரில் காணக்கூடிய வண்டிகளில், இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருப்பதும், 1922 ஆகஸ்ட் 22 அன்று அயர்லாந்து விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கொல்லப்பட்டபோது அவருடைய வண்டி வரிசையில் சென்று இப்போது அயர்லாந்தின் கர்ரா படைமுகாமில் பாதுகாக்கப்படும் ‘ஸ்லீவ்நமான்’ என்பதும், 1920 வடிவத்தைச் சேர்ந்தவை. அரேபியப் பாலைவனத்தில் பிரித்தானிய அதிகாரி டி. ஈ. லாரன்ஸுடன் சென்ற 1914 வண்டியைக் கட்டுகிறவர், தெளிவான வண்ணப் படம் கிடைக்கிறதே என்று இவற்றின் படங்களைப் பார்த்து ரேடியேட்டர் கவசத்தைச் செய்தால், முன்பக்கம் ஒரு காலத்தையும் சக்கரம் வேறொரு காலத்தையும் காட்டும். எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்பதை எழுதி வேலை மேசையின் முன் ஒட்டிவைத்துவிட்டுத் தகட்டைத் தொடுங்கள்.

இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றுபோல இல்லை

இரண்டையும் தனித்தனியே வரைந்து வெட்டியிருப்பீர்கள். ஒரு தகட்டை வெட்டி, அதை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் இன்னொரு தகட்டின் மேல் ஒட்டி, இரண்டையும் சேர்த்து உப்புத்தாளில் தேய்த்தால் விளிம்புகள் ஒன்றாகிவிடும். இன்னொரு காரணம் அதிகம் கவனிக்கப்படுவதில்லை: கத்தியால் கீறி ஒடிக்கும் முறையில், கீறிய இடத்தில் பிளாஸ்டிக் விலகி, வெட்டின் ஓரத்தில் மெல்லிய வரப்பு ஒன்று எழும்பும். விரல் நுனியால் தடவினால் தெரியும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி எடுக்காமல் ஒட்டினால், தகடு அடுத்ததன் மேல் படியாமல் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். நான்கு இணைப்புகளில் இது கூடினால் பெட்டி சதுரமாக வராது.

ஒட்டிச் சில நாள் கழித்துத் தகடு உட்குழிகிறது, அல்லது வளைகிறது

ஒட்டிய அன்று நேராக இருந்து, இரண்டு மூன்று வாரத்தில் வளையும் தகடு, புதிதாகக் கட்டுகிறவரை மிகவும் மனம் நோகச் செய்வது. காரணம் பசையின் இயல்பிலேயே இருக்கிறது. டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த பசைகள், சூப்பர் குளூவைப் போல நடுவில் நின்று இரண்டு பரப்புகளைப் பிடிப்பவை அல்ல. அவை பாலிஸ்டைரினைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக உருக்கிவிட்டு, பிறகு ஆவியாகிப் போக வேண்டியவை. ஆவியாக வழியில்லாவிட்டால் கரைப்பான் தகட்டுக்குள்ளேயே தங்கி, அதை நாள்கணக்கில் மென்மையாக வைத்திருக்கிறது. இறுதியில் வெளியேறும்போது தகடு சுருங்குகிறது.

இது இரண்டு இடங்களில் நடக்கும். முதலாவது, தடிமன் வேண்டி இரண்டு அகலமான தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும் இடம். 0.5 மில்லிமீட்டர் தகட்டை 1 மில்லிமீட்டர் தகட்டின் மேல் முழுப் பரப்பும் நனைய ஒட்டினால், கரைப்பான் மெல்லிய தகட்டின் பக்கமாகத்தான் எளிதில் வெளியேறும். அந்தப் பக்கம் சுருங்கித் தகடு அந்தத் திசையில் வளையும். சமமான தடிமனுள்ள தகடுகளையே ஒட்டுங்கள், அல்லது நடுத்தகட்டின் இருபுறமும் ஒரே தடிமனில் ஒன்றொன்று சேருங்கள். பசையை முழுப் பரப்பிலும் பூசாமல், உள்ளே ஆங்காங்கே புள்ளிகளாகவும் விளிம்பில் மெல்லிய கோடாகவும் வையுங்கள். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தி, குறைந்தது இரண்டு நாள் தொடாமல் விடுங்கள்.

இரண்டாவது, முழுவதும் மூடப்பட்ட பெட்டி. இந்த வண்டியில் அது எஞ்சின் மூடியும் ஓட்டுநர் அறையும். ஆறு பக்கமும் ஒட்டி மூடிவிட்டால், உள்ளே சேர்ந்த ஆவி வெளியேற முடியாமல் சுவர்களை உள்ளிருந்தே இளக்கும். நான் கட்டிய முதல் வண்டியின் எஞ்சின் மூடி, வண்ணம் பூசி முடித்த பிறகு இரண்டு பக்கமும் குழிந்துபோனது. புட்டி நிரப்பித் தேய்த்தேன், ஒரு மாதத்தில் மறுபடியும் குழிந்தது. உள்ளே ஆவி மிச்சமிருக்கும் வரை மேலே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது என்பதை அந்த எஞ்சின் மூடியில்தான் கற்றுக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் 3 மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அத்துடன், உள்ளே 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குச் சுவர் வைத்து, ஒவ்வொரு குறுக்குச் சுவரிலும் காற்று போக ஓட்டையிட்டால், சுவர் குழிவதற்கு வாய்ப்பே குறைவு.

ஏற்கெனவே குழிந்துவிட்டதென்றால் செய்ய வேண்டியது இதுதான்: அடியில் துளையிட்டு, மாதிரியை வெயில் நேராகப் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். குழிவின் நடுவில் ஒரு நேர் விளிம்பை வைத்து, ஒவ்வொரு வாரமும் இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். அந்த எண் மாறாமல் நின்ற பிறகே அதன் மேல் 0.25 மில்லிமீட்டர் தகட்டைத் தோலாக ஒட்டுங்கள். அதையும் சூப்பர் குளூவால் ஒட்டுங்கள், மறுபடி கரைப்பானை ஊட்ட வேண்டாம்.

சுழல்கூண்டின் சுவரில் விளிம்புகள் சந்திக்கவில்லை

இது கணக்குப் பிழை. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டுகளை அடுக்கி, அதைச் சுற்றி 0.5 மில்லிமீட்டர் தகட்டைச் சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 3.1416-ஆல் பெருக்கி 125.7 மில்லிமீட்டர் நீளத்தில் பட்டையை வெட்டினால், பின்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விழும். தகட்டை வளைக்கும்போது அதன் உட்பக்கம் அழுந்துகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது, நடுப்பகுதி மட்டுமே தன் நீளத்தைக் காக்கிறது. ஆகவே கணக்கிட வேண்டிய விட்டம் 40.5, வேண்டிய நீளம் 127.2. வெளி விட்டம்தான் 40 ஆக இருக்க வேண்டுமென்றால், உள்ளே வைக்கும் தட்டுகளை 39 மில்லிமீட்டருக்குச் செய்து, பட்டையை 124.1 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். நான் கணக்கிட்ட நீளத்தோடு 2 மில்லிமீட்டர் கூட்டி வெட்டி, சுற்றிப் பார்த்து, மிச்சத்தை இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒரே வெட்டில் எடுப்பேன்.

மேலே உள்நோக்கிச் சாயும் பகுதியை நேரான பட்டையால் செய்ய முடியாது. அது கூம்பின் ஒரு துண்டு. அடி ஆரம் 20, மேல் ஆரம் 16, உயரம் 5 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், சாய்வின் நீளம் 6.4. தகட்டில் கவராயத்தால் 32 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வில்லும், அதே மையத்திலிருந்து 25.6 மில்லிமீட்டர் ஆரத்தில் இன்னொரு வில்லும் வரைந்து, 225 பாகைக்கு வெட்டினால் அந்தத் துண்டு சுருண்டு தன் இடத்தில் போய் உட்காரும். உங்கள் வரைபடத்தின் எண்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழி: அடி ஆரத்தைச் சாய்வால் பெருக்கி, இரண்டு ஆரங்களின் வேறுபாட்டால் வகுத்தால் பெரிய வில்லின் ஆரம் கிடைக்கும், அடி ஆரத்தை 360-ஆல் பெருக்கி அந்தப் பெரிய ஆரத்தால் வகுத்தால் பாகை கிடைக்கும். முதலில் அஞ்சலட்டை போன்ற தடித்த காகிதத்தில் வெட்டிப் பாருங்கள்.

சுழல்கூண்டு வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரிகிறது

கணக்கு சரியாக இருந்தும் இப்படி ஆகிறதென்றால், உள்ளே வைத்த ஆதாரம் போதவில்லை. முழு வட்டத் தட்டுகளுக்குப் பதிலாக மையத்திலிருந்து கிளைக்கும் சட்டங்களை வைத்திருந்தால், ஒவ்வொரு சட்டத்தின் முனையிலும் தகடு முறிந்து மடியும். முழு வட்டங்களை மேலும் கீழும் நடுவிலும் வையுங்கள். அடுத்து, வளைக்காத தகட்டை வலிந்து சுற்றி ஒட்டியிருந்தால் அது நிமிர முயன்றுகொண்டே இருக்கும். இணைப்பின் இருபுறமும் சிறிது தூரம் தட்டையாகிவிடும். தேவையான விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய குழாயில் பட்டையைச் சுற்றி, துணி நாடாவால் இறுகக் கட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, உடனே தண்ணீரில் குளிரவிட்டால் அது வளைவை ஏற்றுக்கொள்ளும். பாலிஸ்டைரின் 100 பாகை செல்சியசுக்கு அருகில் இளகுவதால், அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தில் நீண்ட நேரம் விட்டால் விளிம்பு அலையலையாகிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய நீரே போதும்.

இதற்கெல்லாம் மாற்றாக, 0.25 மில்லிமீட்டர் தகட்டை இரண்டு சுற்றாகச் சுற்றும் முறையை நான் விரும்புகிறேன். முதல் சுற்றின் இணைப்பு பின்பக்கமும் இரண்டாம் சுற்றின் இணைப்பு அதற்கு எதிர்ப்பக்கம் துப்பாக்கி வரும் இடத்திலும் அமைந்தால், இரண்டாவது இணைப்பு துப்பாக்கியின் கவசத்துக்குள் மறைந்துவிடும்.

ரிவெட் வரிசை கோணலாகத் தெரிகிறது, அல்லது ரிவெட்டுகள் கரைந்துவிட்டன

இந்த வண்டியின் முகமே, கவசத் தகடுகளை இணைக்கும் குவிந்த தலை ஆணிகளான ரிவெட்டுகள்தாம். தகடு நேராக இருந்தும் ரிவெட் வரிசை அசைந்தால், கண் தகட்டையே கோணல் என்று எடுத்துக்கொள்ளும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிவெட் தலை இந்த விகிதத்தில் 0.57 மில்லிமீட்டர்தான்; அதில் 0.2 மில்லிமீட்டர் விலகல் என்பது தலையின் மூன்றில் ஒரு பங்கு.

வரிசை கோணலாவதற்கு முதற்காரணம், ரிவெட் ஒவ்வொன்றையும் அதற்கு முன் வைத்த ரிவெட்டைப் பார்த்து வைப்பது. சிறு பிழை அடுத்ததற்குப் போய்ச் சேர்ந்து பெரிதாகிறது. தகடு தட்டையாக இருக்கும்போதே, உடலில் ஒட்டுவதற்கு முன், இரும்பு ஸ்கேலை விளிம்புக்கு இணையாக வைத்துக் கூரிய கடினப் பென்சிலால் கோடு இழுங்கள். இரண்டு முனை ரிவெட்டுகளையும் முதலில் குறியுங்கள். பிறகு நடு ரிவெட். பிறகு ஒவ்வொரு பாதியின் நடு. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போனால், எந்தப் பிழையும் தன் இடத்தைத் தாண்டிப் போகாது. எண்ணிக்கையைப் படத்தைப் பார்த்து எண்ணியே முடிவு செய்யுங்கள். சுழல்கூண்டின் பட்டைக்கும் இதே முறைதான்: வளைப்பதற்கு முன் ஊசி முனையால் இடங்களைக் குறித்து, வளைத்து ஒட்டிய பிறகு ரிவெட்டை வையுங்கள். முன்பே வைத்தால் கொதிநீரும் நாடாவும் அவற்றை நசுக்கிவிடும்.

ரிவெட் கரைவதற்குக் காரணம் பசையின் அளவு. மிக மெல்லிய தகட்டிலிருந்து துளைக்கருவியால் வெட்டிய வட்டம் ஒரு துளிப் பசையில் முழுவதுமாக இளகிவிடும். ஈரமான தூரிகை முனையால் வட்டத்தை எடுத்துக் குறியின் மேல் உலர்ந்த நிலையிலேயே உட்காரவையுங்கள். பிறகு, பசையில் தோய்த்துப் பெரும்பகுதியைத் துடைத்துவிட்ட இன்னொரு தூரிகையை அதன் ஓரத்தில் ஒருமுறை தொட்டால், பசை தானாகவே அடியில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து மேற்பரப்பில் ஒருமுறை பசைத் தூரிகையை மென்மையாக ஓட்டினால், தட்டையான வட்டத்தின் விளிம்பு மழுங்கி உண்மையான ரிவெட்டின் குவிந்த தலையைப் போலத் தெரியும். வெள்ளைப் பசையைச் சொட்டாக வைத்து ரிவெட் செய்கிறவர்களுக்கு வேறொரு குறை வரும்: காயும்போது நீர் வெளியேறிச் சொட்டு தட்டையாகிவிடும். ஒன்று காய்ந்த பின் அதன் மேல் இன்னொன்று வைத்தால் உயரம் கிடைக்கும்.

ஒரு வரிசையில் ஐந்தாறு ரிவெட் தவறிவிட்டதென்றால் அவற்றை மட்டும் திருத்த முயல வேண்டாம். அந்த வரிசை முழுவதையும் உளிமுனைக் கத்தியால் சீவி, தேய்த்து, கோடு இழுத்து மறுபடி தொடங்குவதுதான் விரைவான வழி. இது கடுமையான யோசனை என்று தெரிந்தே சொல்கிறேன்.

கதவுகளும் பார்வைத் துளை மூடிகளும் பொம்மையைப் போலத் தடித்திருக்கின்றன

உண்மைக் கவசத்தின் தடிமன் அதிக அளவாக 12 மில்லிமீட்டர். இங்கே அது 0.34. உடலை வலுவுக்காக 1 மில்லிமீட்டர் தகட்டில் கட்டுவதில் தவறில்லை; ஆனால் அந்த விளிம்பு வெளியே தெரியுமானால், நாம் காட்டுவது 35 மில்லிமீட்டர் கவசம். திறந்து நிற்கும் ரேடியேட்டர் கதவு, ஓட்டுநரின் முன்மூடி ஆகியவற்றை 0.25 மில்லிமீட்டர் தகட்டில் செய்யுங்கள். உடலில் விளிம்பு தெரியும் இடங்களை உட்பக்கமிருந்து சாய்வாகச் சீவுங்கள்.

ஆரக்கால்கள் தொய்கின்றன, சக்கரம் மையம் தவறிச் சுழல்கிறது

மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், குடத்துக்கும் வட்டைக்கும் நடுவே தூணாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. கார், சைக்கிள் இவற்றின் கம்பிச் சக்கரமோ, எல்லாத் திசையிலும் இழுத்துக் கட்டிய கம்பிகளின் இழுவிசையால் நிற்பது. ஆகவே மாதிரியில் ஒரு கம்பி தொய்ந்தாலும், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், அந்தச் சக்கரம் வண்டியின் பாரத்தைத் தாங்காது என்ற உணர்வு வந்துவிடும். உண்மையில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி இங்கே 0.14 மில்லிமீட்டர் என்பதால், மெல்லிய தூண்டில் நரம்பு இதற்கு ஏற்றது.

நைலான் நரம்பைப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. சூப்பர் குளூதான் வேண்டும். நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சற்று நீளும் இயல்புடையது. மழைநாளில் கட்டிய சக்கரமும் கோடையில் கட்டிய சக்கரமும் ஒரே இறுக்கத்தில் இருப்பதில்லை. நரம்பை விளக்கின் அருகே சிறிது நேரம் உலர்த்தி, ஒரு முனையில் சிறு எடையைத் தொங்கவிட்டுக்கொண்டே கட்டுங்கள். ஸ்ப்ரூவை (கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தை) மெழுகுவர்த்திச் சுடரின் மேல் காட்டி இழுத்து எடுத்த இழையைப் பயன்படுத்துகிறவர்கள், தொய்வு கண்ட இடத்தில் ஊதுபத்தியின் கனலை ஒரு விரற்கடை தூரத்தில் காட்டினால் இழை தானாக இறுகும்; இன்னும் நெருங்கினால் அறுந்துவிடும்.

மையம் தவறுவதற்குக் காரணம், சக்கரத்தைக் கையில் பிடித்தபடி கம்பி கட்டுவது. ஒரு மரக்கட்டையில் வரைபடத்தை ஒட்டி, நடுவில் குடத்துக்கு ஊசியும் சுற்றிலும் வட்டையைத் தாங்கும் ஊசிகளும் அடித்து, குடமும் வட்டையும் அசையாமல் நின்ற பிறகே முதல் கம்பியைக் கட்ட வேண்டும். ஒருபுறம் நான்கு கம்பி கட்டினால் எதிர்ப்புறம் நான்கு என்று மாறி மாறிச் செல்லுங்கள். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனால் அந்த இழுப்பே குடத்தை நகர்த்திவிடும். கம்பிகள் குடத்தின் நடுவிலிருந்து நேராகப் புறப்படுவதில்லை என்பதையும் பாருங்கள். அவை குடத்தின் ஓரத்தைத் தொட்டுச் சாய்ந்து, ஒன்றையொன்று குறுக்கிட்டு வட்டைக்குச் செல்கின்றன.

முன்னால் 2, பின்னால் இரட்டையாக 4, உதிரி ஒன்று என 7 டயர்கள் வேண்டும். ஒன்றைச் செய்து, களிமண்ணில் பதித்துச் சிலிக்கோன் அச்சு எடுத்து, மற்றவற்றை அதில் ரெசினால் வார்ப்பதே நடைமுறை. வார்த்த டயர் பஞ்சுபோல நுரைத்து வந்தால், பாலியூரித்தேன் ரெசினில் ஈரம் சேர்ந்துவிட்டது என்று பொருள். ரெசினின் ஒரு பகுதி நீருடன் வினைபுரிந்து கரியமில வாயுவை உண்டாக்குகிறது. கடற்கரை ஊர்களில் திறந்து வைத்த புட்டியில் இது விரைவில் நேரும். சிலிக்கோன், களிமண்ணைத் தொட்ட இடத்தில் மட்டும் இறுகாமல் பிசுபிசுத்தால், அது கந்தகம் கலந்த களிமண். பிளாட்டினம் வகைச் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் இல்லாத களிமண்ணுக்கு மாறுங்கள்.

வண்டி மூன்று சக்கரத்தில் நிற்கிறது

சக்கரங்களைத் தேய்த்துச் சரிசெய்யும் முன், சட்டகத்தை மட்டும் கண்ணாடியின் மேல் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் முறுக்கம் சட்டகத்தில் இருக்கிறது. குறுக்குச் சட்டங்களை அறுத்துவிட்டு மீண்டும் கண்ணாடியின் மேல் வைத்து ஒட்ட வேண்டும். சட்டகம் ஆடாவிட்டால், லாரிக்காரர்கள் கமான் பட்டை என்று சொல்லும் ஸ்பிரிங் அடுக்குகளின் உயரம் மாறியிருக்கிறது. நான்கையும் ஒரே அச்சுப்பலகையில் வளைத்துச் செய்யுங்கள். உண்மை வண்டியின் 4.7 டன் எடை இவற்றின் மேல் இருக்கிறது என்பதால், காலி சட்டகத்தின் படத்தைப் பார்த்து அதிகம் வளைத்துவிடக் கூடாது. அச்சுத்தண்டைக் கடைசி வரை தளர்வாக வைத்திருந்து, உடல் முழுவதும் முடிந்து கண்ணாடியின் மேல் நிற்கும் நிலையில் பசையிடுவது பாதுகாப்பானது.

பிரைமர் அடித்ததும் புதிய குறைகள் தெரிகின்றன

வெள்ளைத் தகடு கீறலை மறைக்கும். சாம்பல் பிரைமர் காட்டிக்கொடுக்கும். இதை எதிர்த்துப் போராடாமல், உடல் பாதியில் இருக்கும்போதே, ரிவெட் வைப்பதற்கு முன், மெல்லிய பிரைமர் ஒன்றை அடித்துப் பார்த்துவிடுங்கள். ரிவெட்டுகளுக்கு நடுவே உப்புத்தாள் போக வழியில்லை.

வண்ணத்தின் ஊடே ஊதாக் கறை எழும்பினால், எங்கோ மார்க்கர் பேனாவால் குறித்திருக்கிறீர்கள். அந்த மை பிரைமரின் கரைப்பானில் கரைந்து மேலே வரும்; எத்தனை பூச்சு கொடுத்தாலும் மறையாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். வண்ணம் தோலாக உரிந்தால், பித்தளைத் துண்டிலோ ரெசின் வார்ப்பிலோ எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது. சோப்பு நீரில் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். மழைக்கால மாலையில் அடித்த லாக்கர் என்னும் விரைவில் உலரும் பூச்சு பால்போல் வெளுத்தால், விரைந்து ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்வித்து, காற்றிலிருந்த ஈரத்தை அதன் மேல் படியச் செய்திருக்கிறது. உலர்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னரை மட்டும் மென்மையாகத் தெளித்தால் பெரும்பாலும் அந்த வெண்மை மறைந்துவிடும். சூப்பர் குளூ வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் வெண்படலம் தெரிந்தால் அது பசையின் ஆவி. ஈரத்துணியால் துடைத்து, அடுத்த முறை மின்விசிறிக் காற்று படும்படி ஒட்டுங்கள்.

வண்ணம் பூசிய பின் சுழல்கூண்டு சுழலவில்லை

கூண்டின் அடிவளையத்திலும் உடலின் துளையிலும் பிரைமர், வண்ணம், மேற்பூச்சு எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு சுவரிலும் 0.1 மில்லிமீட்டர் ஏறிவிடும், விட்டத்தில் 0.2 குறையும். வலிந்து திருகினால் ரிவெட்டுகள் உதிரும். துளைக்குள் உருட்டிய உப்புத்தாளை நான்கு சுற்றுச் சுற்றி எடுத்து, அடிவளையத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டுப் பொருத்துங்கள். இனிக் கட்டப்போகும் வண்டிக்கு, துளையை முதலிலேயே 0.4 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, பூசும்போது அடிவளையத்துக்கு ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள்.